செத்தவுக எனக்கு என்ன முறை?

காரைக்குடிப் பக்கம் ஒரு கேதத்துக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போனால், உள்ளே அழுவது யாரென்று தெருமுனையிலேயே ஓரளவு தெரிந்துவிடும். முகம் பார்க்க வேண்டாம், குரல் பழக்கம்கூட வேண்டாம். ‘என்னப் பெத்த அம்மா’ என்று வந்தால் மகள். ‘எங்கூடப் பொறந்த பொறப்பே’ என்றால் அக்காளோ தங்கச்சியோ. ‘எங்கயித்தே’ என்றால் மருமகளாக இருக்கும், அல்லது அண்ணன் மகளாக இருக்கும். பாட்டு எங்கே சுற்றினாலும் அந்த முறைப்பெயரில் வந்துதான் மூச்சு வாங்கும். முறை இல்லாமல் ஒப்பாரி இல்லை. சினிமாவில் ஒப்பாரி ஏன் பெரும்பாலும் வெறும் அழுகைச் சத்தமாகப் போய்விடுகிறது என்பதற்கும் காரணம் இதற்குள்தான் இருக்கிறது.

நான் இரண்டு பக்கமும் பார்த்தவள். பிறந்த ஊரில் அப்பத்தா, பெரியம்மா, அயித்தைமார் எல்லோரும் நன்றாகப் பாடி அழுகிறவர்கள். கல்யாணமாகி வந்த இடத்தில், எங்கள் வீட்டுக்காரருக்கு ஷூட்டிங்குக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் வேலை. செட்டிநாட்டில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஏவி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் ஸ்டூடியோ போட்டு 1947இல் ‘நாம் இருவர்’ எடுத்து வெளியிட்ட காலத்திலிருந்து சினிமாவுக்கும் இந்த ஊருக்கும் பழக்கம். இப்போது வருகிறவர்களுக்குத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், நாலு பக்கமும் தாழ்வாரம் போட்ட வளவு, இதெல்லாம் வேண்டும். அப்புறம் கூட்டத்தில் நிற்க ஊர்ப் பெண்கள் வேண்டும். அந்தப் பெண்களைச் சேர்ப்பது, கூட்டிப் போவது, சாப்பாடு, பேட்டா, புடவை எல்லாம் என் பொறுப்பு. கல்யாணக் காட்சிக்கும் ஆள் கேட்பார்கள், சாவுக் காட்சிக்கும் கேட்பார்கள்.

அப்படி ஒரு சாவுக் காட்சி. கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடு. நடுவளவில் மாலை போட்டு ஒரு நடிகரைப் படுக்க வைத்திருந்தார்கள். நான் கூட்டிப்போன பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உதவி இயக்குநர், சின்னப் பையன், மரியாதையாகத்தான் வந்து சொன்னான்: “பாட்டி, நான் கையைக் காட்டினதும் ஒப்பாரி ஆரம்பிச்சிருங்க.”

மூத்தவர் அவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். “சரிப்பு. செத்தவுக எனக்கு என்ன முறை?”

அவனுக்குப் புரியவில்லை. “முறைன்னு ஒண்ணும் இல்ல பாட்டி. பொதுவா பாடுங்க.”

“பொதுவா எப்படிப்பு அழுகுறது?”

பையன் தாளைப் புரட்டினான். அதில் ‘ஊர்ப் பெண்கள் அழுகிறார்கள்’ என்று மட்டும்தான் இருந்தது. கடைசியில் இயக்குநரே வந்து, செத்தவர் ஊருக்குப் பெரிய மனிதர், தங்கச்சிக்குச் சேர வேண்டிய நிலத்தைத் தராமல் இருந்தவர் என்று கதையைச் சொன்னார். “அப்ப நான் அந்தத் தங்கச்சியா இருந்துக்கிறேன்” என்றார் மூத்தவர். சொன்ன கையோடு எழுந்து கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு இடம் மாறினார். பக்கத்தில் இருந்தவர் “நான் சம்சாரத்தோட அக்கா”, இன்னொருவர் “நான் பக்கத்து வீடு, எனக்கு அண்ணன் முறை” என்று ஆளுக்கொரு முறையை எடுத்துக்கொண்டார்கள். காபி வரும் நேரத்துக்குள் அங்கே ஒரு குடும்பம் உண்டாகிவிட்டது. யார் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும், யார் யார் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதுவரை அவர்களுக்குள் முடிவாகிவிட்டது.

அதன் பிறகு வந்த பாட்டை நான் மறக்க மாட்டேன். அண்ணனைப் புகழ்ந்துகொண்டே போய், நடுவில் நிலத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு உடனே அவன் தன்னைத் தோளில் தூக்கித் திருவிழாவுக்குப் போன கதையைச் சொல்லி உடைந்து அழுதார். லைட் போடுகிற பையன்கள்கூட அசையாமல் நின்றார்கள். படம் வந்தபோது தியேட்டரில் பார்த்தோம். மேலிருந்து ஒரு ஷாட், வயலின், அடியில் ஏதோ முனகல். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. அந்த அம்மாள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். “நான் கேட்ட நெலத்த எடுத்துட்டாகளே” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதை நினைத்துப் பார்த்தால், ஒப்பாரி என்ன வேலை செய்கிறது என்பது அதிலேயே இருக்கிறது. உயிரோடு இருக்கிறவரிடம் கேட்க முடியாததை, செத்தவரிடம் சொல்வதுபோல, சுற்றி உட்கார்ந்திருக்கிற உயிருள்ளவர்களிடம் சொல்வது. வருத்தம் பொய்யில்லை. அந்த வருத்தத்துக்குள்ளேயே ஒரு கணக்கும் இருக்கிறது, ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

எங்கள் அப்பத்தா இறந்தபோது நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு மூத்த அக்காள், நாங்கள் பெரிய அயித்தை என்போம், வந்து இறங்கியதும் வாசலிலேயே தொடங்கிவிட்டது.

வாசலிலே வந்துநின்னா வாத்தான்னு கூப்பிடுமே
அந்த வாயி மூடிருச்சே – என்னப் பெத்த அம்மா
இனி வாசப்படி யாரு சொல்லி நான் மிதிப்பேன்

அம்மா போய்விட்டால் பிறந்த வீடு அண்ணன் தம்பி வீடாக மாறிவிடும். பிறகு பொங்கச் சீர் வருமா, ஒரு நல்லது பொல்லாததற்குக் கூப்பிடுவார்களா என்ற கேள்வி எல்லாப் பெண்ணுக்கும் அந்த நேரத்தில் வரும். அதைத்தான் அயித்தை ஊர் முன்னால் வைத்தார். உள்ளே இருந்த எங்கள் அம்மா எழுந்து போய் அயித்தையைத் தோளோடு கட்டிக்கொண்டு, அதே நடையில் திருப்பிச் சொன்னார்.

வாசப்படி தேயலையே வந்தவழி மறையலையே
வாங்கன்னு நான் கூப்பிட – எங்க மதினி
எனக்கும் ஒரு வாயிருக்கு

அப்போது எனக்கு விவரம் தெரியும் வயசுதான். இரண்டு பேருக்கும் அதற்கு முன்னால் பேச்சுவார்த்தை அவ்வளவு சரியில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாலு பெரியவர்கள் நடுவில் உட்கார வைத்துப் பேசியிருந்தால்கூட இப்படி ஒரு வார்த்தை எங்கள் அம்மா வாயிலிருந்து வந்திருக்காது. ஊர் கேட்க, பாட்டில் கொடுத்த வாக்கு அது. வருஷம் திரும்பி வந்த பொங்கலுக்கு அப்பாவே நேரில் போய் அயித்தையை அழைத்துக்கொண்டு வந்தார்.

இதெல்லாம் மனப்பாடமா, அந்த நேரத்தில் கட்டுவதா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும்தான். ஒரு கண்ணி தெரிந்தால் போதும், அதிலேயே அடுத்ததைக் கட்டலாம். எங்கள் பக்கத்து நடையில், ஒரு மகள் அப்பாவுக்குப் பாடுவதுபோலச் சொல்லிக் காட்டுகிறேன்:

கானாடு காத்தானில் கல்லெடுத்துக் கட்டிவெச்ச
காரைவீட்டு நெழலிருக்க – என்னப் பெத்த அப்பா
கடுவெயிலில் நான் நிக்கேன்

ஆத்தங்குடிக் கல்லெடுத்து அடுக்கடுக்காப் பாவிவெச்ச
ஆல்வீட்டு நெழலிருக்க – என்னப் பெத்த அப்பா
அனல்வெயிலில் நான் நிக்கேன்

முதல் கண்ணியில் ஊர், வீடு, வெயில். இரண்டாவதில் அதே இடத்தில் வேறு ஊர், வேறு சொல் (ஆல்வீடு என்றால் பெரிய கூடம் வைத்த வீடு). முதல் எழுத்து ‘கா’ என்றால் அடுத்ததில் ‘ஆ’. மோனை தானாக அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டு வரும். அழுகிறவளுக்கு யோசிக்க நேரமும் கிடைக்கும், ஏனென்றால் இரண்டாவது கண்ணி பாதிக்கு மேல் முதல் கண்ணிதான். அடி முடிவில் உயிரெழுத்தை இழுத்து, ஒரு விம்மல், மூக்கைச் சிந்துவது, மறுபடி தொடங்குவது. அந்த விம்மல்தான் தாளம். பதிவு செய்கிறவர்கள் பலரும் அதைக் குறை என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் பாட்டு ஓடிவிடும், அழுகை நின்றுவிடும்.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டு ஆச்சிமார் பலர் இதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே நோட்டில் அடுத்தடுத்து இருக்கும். அவர்கள் பாட்டில் கப்பல், ரங்கூன், பினாங்கு, கணக்கெழுதுகிற பெட்டியடி எல்லாம் வரும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன புருஷன் அங்கேயே செத்துப்போய், இங்கே தந்தி மட்டும் வந்த வீடுகள் இருந்தன. 1942இல் பர்மாவை ஜப்பான்காரர்கள் பிடித்தபோது எத்தனையோ பேர் நடந்தே கிளம்பினார்கள், வழியில் செத்தவர்கள் உண்டு. உடம்பு இல்லாத அந்தச் சாவுகளுக்கும் பெண்கள் கூடி உட்கார்ந்து அழுதார்கள் என்று எனக்கு ஓர் ஆச்சி சொல்லியிருக்கிறார். முகம் பார்க்காமல் எப்படி அழுவது என்பதே அந்தப் பாட்டுகளில் ஒரு பொருளாக வரும்.

இன்னும் பழையதும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கம்புணரிக்கு வடக்கே பிரான்மலையைப் பாரியின் பறம்பு மலை என்கிறார்கள். அப்பனையும் மலையையும் ஒரே நேரத்தில் இழந்த பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆவது பாட்டு இருக்கிறது. அந்த மாத நிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், குன்றும் இருந்தது; இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை என்று இரண்டு கண்ணியில் முடிகிற பாட்டு. புலவர்கள் அதைக் கையறுநிலை என்பார்கள். எங்கள் அயித்தையிடம் அதைச் சொல்லிக் காட்டினேன். “சரியாத்தான் அழுதிருக்காக” என்றார்.

சினிமாவுக்கு வருகிறேன். சாவு வீட்டில் மைக் செட் போட்டால் முதலில் வருவது ‘வீடு வரை உறவு’. 1962இல் வந்த ‘பாத காணிக்கை’ படம், டி.எம்.சௌந்தரராஜன் குரல், எழுதியவர் எங்கள் சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசன். எனக்கு உயிரான பாட்டு. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான சாவைப் பற்றிய பாட்டு. வெளியே பந்தலில் ஆண்கள் அதைக் கேட்டபடி உட்கார்ந்திருக்க, உள்ளே பெண்கள் ஒரே ஒரு ஆளின் சாவை, அவர் பேர், அவர் ஊர், அவர் வாங்கிக் கொடுத்த சேலை என்று பாடிக்கொண்டிருப்பார்கள். தமிழ் சினிமா ரொம்ப காலம் பந்தலில் உட்கார்ந்தே சாவைப் பார்த்தது என்பது என் எண்ணம். உள்ளே வந்து உட்கார்ந்து கேட்ட படங்கள் குறைவு.

கேட்ட படங்களும் இருக்கின்றன. ‘பரியேறும் பெருமாள்’ 2018இல் வந்தது. அதில் செத்துப்போன நாயைக் கருப்பி என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுகிற பாட்டு எங்கள் ஊர்ப் பெண்களுக்கு உடனே பிடித்துப்போனது. நாயாக இருந்தால் என்ன, அழுகிறவனுக்கும் அதற்கும் என்ன உறவு என்பது பாட்டிலேயே இருக்கிறது. 2021இல் ‘கர்ணன்’ படத்துக்கு கிடாக்குழி மாரியம்மாள் பாடியபோது, அந்தக் குரலை மெருகு போடாமல் அப்படியே விட்டிருந்தார்கள். வெடிப்பும் கரகரப்பும் அப்படியே கேட்டது. 2023இல் வந்த ‘தண்டட்டி’ படம் பெரும்பாலும் ஒரு சாவு வீட்டைச் சுற்றியே நடக்கிறது. கிழவிகளின் பேச்சு, சண்டை, அழுகை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வருவது எங்களுக்குப் பழக்கப்பட்ட சங்கதி. சாவு வீட்டில் சிரிப்பே வராது என்று நினைப்பவர்கள் சாவு வீட்டில் முழு ராத்திரி இருந்ததில்லை.

கிராமத்துக் குரலை அப்படியே சினிமாவுக்குள் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே முன்னுதாரணம் உண்டு. கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர், 1985இல் ‘ஆண் பாவம்’ படத்தில் பாட்டியாக வந்தார். அவரை யாரும் மாற்றவில்லை. அவர் பேசுகிறபடியே பேசினார், பாடுகிறபடியே பாடினார். ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

கூலிக்கு மாரடிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படமெடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். ராஜஸ்தானில் பணத்துக்கு அழும் பெண்களைப் பற்றி 1993இல் கல்பனா லாஜ்மி எடுத்த ‘ருடாலி’ பார்த்துவிட்டு, “இங்கே அப்படி யார் இருக்காங்க?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். இங்கேயும் பறையோடு, மைக்கோடு வந்து பாடும் குழுக்கள் இருக்கின்றன. அது அவர்கள் தொழில், அதில் தேர்ந்த கலைஞர்கள் இருக்கிறார்கள். அதோடு இன்னொரு பழைய கதையும் உண்டு. பண்ணை வைத்திருந்த வீடுகளில் சாவு என்றால், அந்த நிலத்தில் வேலை செய்த குடும்பத்துப் பெண்கள் வந்து மாரடித்தே ஆக வேண்டும் என்று இருந்தது. அவர்கள் வாசலுக்கு வெளியே நின்று அழுதார்கள். சேரியில் வயசான ஒரு அம்மாள் என்னிடம் சொன்னார்: “எங்காத்தா செத்தப்பக்கூட நான் அப்படிக் கத்தலத்தா. அங்க கத்தலைன்னா நெல்லு கிடையாது.” மாரடிக்கிற காட்சி எடுக்கிறவர்கள் யார் யாருக்காக அடிக்கிறார்கள், ஏன் அடிக்கிறார்கள் என்று கேட்காமல் கேமராவை வைத்தால் இந்தக் கதையும் சேர்ந்து மறைந்துவிடும்.

இந்த வேலையில் இருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், பதிவு செய்ய ஆசைப்படுபவர்களுக்கு உதவும்.

வீட்டுக்குள் உட்கார்ந்து பாடச் சொல்லாதீர்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரிச் சொல் விழுந்தால் ஆகாது என்பது பெண்களின் நம்பிக்கை, அதை மதித்துத்தான் ஆக வேண்டும். ஊருணிக் கரை, புளியமரத்தடி, களத்துமேடு என்றால் வருவார்கள். செவ்வாய், வெள்ளி வேண்டாம். விளக்கு வைத்த பிறகு கேட்கவே வேண்டாம். கர்ப்பிணிப் பெண்ணோ புதுப்பெண்ணோ பக்கத்தில் இருந்தால் வாயே திறக்க மாட்டார்கள். எடுத்த எடுப்பில் ஒப்பாரி கேட்காமல் தாலாட்டில் தொடங்குங்கள். நடை கிட்டத்தட்ட ஒன்றுதான். தாலாட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போன பிள்ளை நினைவு வரும், அம்மா நினைவு வரும், தானாக அந்தப் பக்கம் திரும்பும். திரும்பாவிட்டால் அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

“ஒரு ஒப்பாரி பாடுங்க” என்று கேட்பதைவிட, “உங்க அம்மாவுக்கு எப்படி அழுதீங்க ஆத்தா?” என்று கேளுங்கள். யாருக்கு, எந்த முறையில் என்பதைக் கேள்வியிலேயே வைத்துவிட்டால் பாட்டு வரும். கூடவே எழுதி வையுங்கள்: பாடியவர் பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், யாருக்காக, கிட்டத்தட்ட எந்த வருஷம். இந்த விவரம் இல்லாத பதிவைப் பிறகு கேட்டால் பாதி வரிக்குப் பொருள் தெரியாது. போனை வாய்க்கு நேராக நீட்ட வேண்டாம், மடியிலோ பக்கத்தில் ஒரு துணி மேலோ வைத்தால் போதும். இரண்டு பெண்கள் கட்டிக்கொண்டு அழும்போது குரல் இருவர் தோளுக்கு நடுவில் கீழ்நோக்கிப் போகும், அதனால் கீழே வைத்த போனில்தான் நன்றாகக் கேட்கும்.

எடுத்ததை உடனே வாட்ஸப்பில் போடாதீர்கள். இதை ரொம்ப அழுத்திச் சொல்வேன். ஒப்பாரியில் உயிரோடு இருக்கிறவர்கள் மேல் குறை வரும். அண்ணன் பெண்டாட்டி சோறு போடாதது, மாமியார் நகையை வாங்கிக்கொண்டது, சின்னவன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது எல்லாம் வரும். அந்த வட்டத்துக்குள் சொன்னால் அது அழுகை. கேட்டவர்கள் கேட்டதோடு சரி, மறுநாள் யாரும் அதை எடுத்துப் பேச மாட்டார்கள். போனில் சுற்றினால் அது வழக்கு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் வெளிநாட்டிலிருந்த பேரனுக்குக் காட்டுவதற்காக எடுத்த வீடியோ சம்பந்திக் குரூப்புக்குப் போய், கருமாதிக்குள் பெரிய சண்டையாகிவிட்டது. பாடியவரிடம் கேட்டு, பேர் வருகிற வரிகளை எடுத்துவிட்டுத்தான் எதையும் வெளியே கொடுக்க வேண்டும்.

ஷூட்டிங்குக்குக் கூப்பிடுகிறவர்களிடம் நான் இப்போது முதலிலேயே சில விஷயங்களைப் பேசிவிடுகிறேன். கதையில் செத்தது யார், பாடுகிறவருக்கு என்ன முறை என்பதை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். சும்மா சத்தம்தான் வேண்டும் என்றால் என் ஆட்களை அனுப்புவதில்லை. ஒரே அழுகையைத் திரும்பத் திரும்ப டேக் எடுத்தால் தொண்டை போய்விடும், மாரும் கன்றிவிடும். நிஜத்தில் மாரடிக்கும்போது கை விரிந்து தாளத்தோடு விழும், அடி அவ்வளவு படாது. கேமராவுக்காக ஓங்கி அடிக்கச் சொன்னால்தான் கன்றும். அதனால் இரண்டு கேமரா வைத்து ஒரு தடவை முழுசாகப் பாட விட்டுவிடுங்கள் என்று சொல்கிறேன். நடுவில் கட் சொன்னால் பாட்டு அறுந்துவிடும், அதே இடத்திலிருந்து யாராலும் தொடங்க முடியாது. சுக்குத்தண்ணி பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னணி இசையைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுவேன்: சொல் கேட்கும்படி விடுங்கள்.

பிணமாகப் படுத்தவரைக் காட்சி முடிந்ததும் எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்துப் படம் எடுப்பார்கள். பூசணிக்காய் உடைப்பார்கள். நடிகருக்குத் தோஷம் கழிக்க இவ்வளவு செய்கிறவர்கள், அழுத பெண்களை அப்படியே வேனில் ஏற்றிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களும் வீட்டில் பேரன் பேத்தி உள்ளவர்கள். அதனால் அங்கேயே தலைக்கு ஊற்றிக்கொள்ளத் தண்ணீர், மஞ்சள், மாற்றுச் சேலை கேட்டு வாங்குகிறேன். வீட்டுக்காரர்களும் இதைக் கேட்டால் சந்தோஷமாகக் கிணற்றடியைத் திறந்துவிடுவார்கள். பேட்டாவை அவரவர் கையில் கொடுக்க வேண்டும். பாட்டு அவர்கள் கட்டிய பாட்டு என்றால் கூட்டத்தில் நின்ற சம்பளம் மட்டும் போதாது, டைட்டிலில் பேரும் வர வேண்டும். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள், சிலர் வேறு ஊரில் ஆள் பார்த்துக்கொள்கிறார்கள். சரி, போகட்டும்.

நிஜமான சாவு வீட்டில் வந்த மாற்றம் சினிமாவில் வந்ததைவிடப் பெரிது. ஐஸ் பெட்டி வந்ததும் முகத்தைத் தொட்டு அழுவது போய்விட்டது, நடுவில் கண்ணாடி. மோட்டார் சத்தம் வேறு. அதற்குச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எப்படிக் கட்டிக்கொண்டு அழுவார்கள்? ஒப்பாரிக்குத் தரை வேண்டும், முழங்கால் முழங்காலோடு படுகிற நெருக்கம் வேண்டும். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் கேதம் என்றாலும் நான் போனதும் செய்கிற முதல் வேலை, பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் நாற்காலிகளை எடுத்துவிட்டு ஜமுக்காளம் விரிப்பது. வயசானவர்களுக்கு மட்டும் சுவரோரம் நாற்காலி. மைக் செட்டை உள்ளே அழுகை நடக்கிற நேரம் நிறுத்தச் சொல்வது இரண்டாவது வேலை. ஆண்களிடம் சொன்னால் கேட்பார்கள், யாரும் சொல்வதில்லை என்பதுதான்.

அழுகிறவளைப் போய் “அழாதீங்க, மனசைத் தேத்திக்கங்க” என்று நிறுத்துகிறார்கள் இப்போது. படித்தவர்கள்தான் அதிகம் செய்கிறார்கள். பாடி முடிக்கட்டும். கண்ணி முடிந்து விம்மும் இடத்தில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் போதும். சாப்பிடாமல் வெகுநேரம் அழுகிற வயசானவருக்குச் சர்க்கரை இருக்கிறதா, மாத்திரை போட்டார்களா என்று மகள்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மயங்கி விழுகிறவர்கள் உண்டு. கிளம்பும்போது ‘வர்றேன்’ என்று சொல்லாமல் எழுந்து போவது உங்களுக்கே தெரியும்.

பாட வராதவர்கள் என்ன செய்வது என்று இளம் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு அழுகை வருகிறது, பாட்டு வரவில்லை. ஓரமாகக் கைக்குட்டையோடு நின்றுகொண்டிருக்கிறார்கள். எங்கள் பெரிய அயித்தை தவறியபோது அவர் பேத்தி, பெங்களூரில் ஐடி வேலை, வந்து பெட்டிப் பக்கம் நின்று வெறுமனே “அப்பத்தா” என்றாள். பிறகு, “அப்பத்தா, எனக்கு நீ சீடை அனுப்புவியே அப்பத்தா” என்றாள். பக்கத்தில் இருந்த ஒரு கிழவி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, சீடையிலிருந்தே எடுத்தார். தகர டின்னு, அதைக் கட்டிய துணி, பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டு வெயிலில் நின்றது என்று கண்ணி கண்ணியாகப் போனது. அவள் ஒவ்வொரு கண்ணி முடிவிலும் “அப்பத்தா” என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆக, கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முறையைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் உங்களுக்குச் செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். மெட்டுக்கு யோசிக்க வேண்டாம், பக்கத்தில் தெரிந்த பெரிய மனுஷி ஒருத்தி இருந்தால் அங்கிருந்து அவர் எடுத்துக்கொள்வார். அந்த மாதிரி ஒருத்தி உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், அவர் நன்றாக இருக்கும்போதே, செவ்வாய் வெள்ளி இல்லாத ஒரு நாள் பார்த்து, ஊருணிக்கரைப் பக்கம் அழைத்துப் போய், அவர் அம்மாவுக்கு எப்படி அழுதார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.